பெயர்ந்த தெய்வமும் பெயராத மேளமும்

மேளமும் பாட்டும் ஆண்டுதோறும் நேரில் ஒலித்துவந்த ஓரிடம் மூடப்படும்போது அங்கே முடிந்துபோவது எது என்ற வினா, மேலோட்டமாகப் பார்த்தால் நில உரிமையையும் பொருளாதாரத்தையும் சார்ந்ததாகத் தோன்றினாலும், ஆழத்தில் சமயத்தையும் மெய்யியலையும் தொடுவதாகும். ஒலி எழுந்த கணத்திலேயே மறைந்துவிடுவது. எந்தச் சுவரும் கூரையும் அதைச் சேர்த்துவைப்பதில்லை. ஆகவே இடிக்கப்பட்ட அரங்கத்தோடு எந்த இசையும் இடிபடுவதில்லை என்று வாதிக்க இடமுண்டு. ஆயினும் அத்தகைய இடத்தை இழந்தவர்கள் நெருங்கிய உறவினரைப் பறிகொடுத்தவர்களைப் போலவே பேசுகிறார்கள். அந்தத் துயரம் வெறும் பழக்கத்தின் பாற்பட்டதா, அன்றி அங்கே இருந்த வேறொன்று மறைந்ததனால் எழுந்ததா என்பதை ஆராய, மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தின் கோத்தா திங்கி மாவட்டத் தோட்டக் கோயில்கள் பொருத்தமான களமாகும். அங்கு வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாக இசையரங்கம் என்று வாய்த்தது கோயில் திடல் ஒன்றே. தோட்டங்கள் கைமாறிக் குடியிருப்புகள் கலைந்த காலத்தில், வாய்ப்புள்ள இடங்களில் தெய்வம் முறைப்படி வேறிடம் கொண்டுசெல்லப்பட்டது; மேளத்துக்குப் போக்கிடம் எதுவும் வகுக்கப்படவில்லை.

ஜொகூர் ஆற்றங்கரையில், ஜொகூர் பாருவுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் கோத்தா திங்கி நகரம் அமைந்துள்ளது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இவ்வட்டாரத்துக் காடுகள் அழிக்கப்பட்டு ரப்பர் நடப்பட்டபோது, கங்காணிகள் வழியாகத் தமிழகத்திலிருந்து ஆள் திரட்டப்பட்டது. 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை உதவி கொடுத்துக் கப்பலேற்றும் முறைக்குத் தடை விதிக்கும்வரை அந்த வரவு நீடித்தது. ரேம், தெலுக் செங்காட் ஆகிய தோட்டங்களின் பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களாக இன்றும் வழங்குகின்றன. வரிசை வீடுகளான லயங்கள், ரப்பர் பால் பதப்படுத்தும் ஆலை, விடியற்காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களம், ஆயாக்கொட்டகை, கள்ளுக்கடை, ஒரு பள்ளி, ஒரு கோயில் என்பதே தோட்டமொன்றின் பொதுவான அமைப்பு. கோயில் பெரும்பாலும் மாரியம்மனுக்கோ முனியாண்டிக்கோ உரியதாயிருந்தது. மரத்தடிக் கல்லாகவோ சூலமாகவோ தொடங்கி, பின்னர் தகரக் கூரையும் சிமெண்டுத் தரையும் பெற்று, வசதி வந்தபின் கோபுரம் கண்டது. கோயிலுக்கு முன்னால் விடப்பட்ட வெற்றுத் தரைதான் இக்கட்டுரை கருதும் திடல்.

ஆண்டில் பத்து நாள் அத்திடலில் நிகழ்ந்த இசை ஒரே வகையைச் சேர்ந்ததன்று. கரகம் எடுக்கும்போது உடுக்கையும் பம்பையும், சாமி ஊர்வலத்துக்குத் தப்பும் உறுமியும், வெள்ளிக்கிழமை பஜனைக்கு ஆர்மோனியமும் சிங்கியும், இரவில் மதுரை வீரன், அரிச்சந்திரன், காத்தவராயன் கதைகளைக் கூறும் கூத்தும் நாடகமும், பிற்காலத்தில் திரைப்பாடல்களை மேடையில் பாடும் இசைக்குழுவும் என ஒன்றன்மேல் ஒன்றாக அது வளர்ந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு தரப்பாரின் உபயமாயிருந்தது. உபயம் என்பது திருவிழாவின் ஒரு நாளை ஒரு குடும்பமோ குழுவோ தன் செலவிலும் பொறுப்பிலும் ஏற்று நடத்தும் உரிமையும் கடமையும் ஆகும். பால்மரம் வெட்டுவோர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுப்போர், ஒரு நாள், ஆலைத் தொழிலாளர் ஒரு நாள், லாரிக்காரர் ஒரு நாள், கிராணிமார் எனப்பட்ட எழுத்தர்கள் ஒரு நாள் என்று நாள் பகுக்கப்பட்டபோது, அன்றைய மேளத்தை அமர்த்துவதும் அவரவர் பொறுப்பாயிற்று. பல தோட்டங்களில் மாதச் சம்பளத்திலிருந்தே கோயிலுக்கான சந்தா பிடிக்கப்பட்டதனால், திடலில் நின்று கேட்ட ஒவ்வொருவரும் அவ்விசைக்கு ஏற்கெனவே விலை கொடுத்தவராகவே நின்றார்.

தப்பு எனப்படும் பறை, பலா போன்ற மரச்சட்டத்தில் கன்றுத்தோலை இழுத்து ஒட்டிச் செய்யப்படுவது. ஈரக்காற்றில் அத்தோல் தளர்ந்து ஒலி மந்தமாகிவிடுவதால் அடிக்கத் தொடங்குமுன் நெருப்பில் காட்டியாக வேண்டும். ஆண்டு முழுதும் மழை பெய்யும் ஜொகூரில், பால்மரச் சுள்ளியையும் காய்ந்த ஓலையையும் கூட்டி மூட்டிய தீயைச் சுற்றித் தப்புக்காரர்கள் குந்தியிருந்து, தோலைச் சூடு காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, மீண்டும் சூடு காட்டி, ஒருவர் தப்பு மற்றவர் தப்போடு ஒத்துவரும்வரை காத்திருப்பது வழக்கம். உறுமியோ இடை சிறுத்த இருமுக மேளம். அதன் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்க்கும்போது விலங்கின் அடித்தொண்டையிலிருந்து வருவதுபோன்ற நீண்ட ஓசை எழுகிறது. திடலின் ஓரத்தில் எரிந்த அந்தத் தீயும் சடங்கின் ஒரு பகுதியே என்பதைச் சடங்கு நூல்கள் எதுவும் குறிக்காவிட்டாலும், அதற்கென ஓரிடம் ஒதுக்கப்பட்டிருந்தது என்பது பின்னர் வரும் வாதத்துக்கு இன்றியமையாதது.

இத்திடல்கள் மூடப்பட்ட வரலாறு தனி நூலுக்கு உரியது. இங்கே சுருக்கமே போதும். 1950களிலும் 60களிலும் வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களைக் கூறுகூறாக விற்ற துண்டாடல், அதற்கு எதிராக வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டதனால் ஆள்தேவை குறைந்தமை, இளைஞர் ஜொகூர் பாருவின் தொழிற்சாலைகளுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குச் சென்றமை, எஞ்சிய வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தமை ஆகியவை அடுத்தடுத்து நிகழ்ந்தன. கோயில் நின்ற நிலம் தோட்ட உரிமையாளருடையது. தொழிலாளரிடம் பட்டா இல்லை. தோட்டம் விற்கப்பட்டால் கோயில் நிர்வாகம் நகர்ப்புறத்தில் ஒரு சிறு மனையை வேண்டிப் பெற வேண்டியிருந்தது. அந்த மனையில் கருவறைக்கும் ஒரு மண்டபத்துக்கும் இடம் கிடைத்தது; திடலுக்குக் கிடைப்பது அரிது. அருகில் குடியிருப்போருக்கு இடைஞ்சல் கூடாது என்பதால் இரவு மேளத்துக்கும் எல்லை வந்தது.

தெய்வத்தை இடம் மாற்றுவதற்குச் சைவ ஆகமங்கள், அதாவது கோயில் கட்டும் முறையையும் வழிபாட்டு முறையையும் விதிக்கும் நூல்கள், தெளிவான வழி கூறுகின்றன. கோயில் பழுதுற்றால் செய்யவேண்டிய புதுப்பித்தல் சீர்ணோத்தாரணம் எனப்படும். அதன் தொடக்கத்தில் திருவுருவில் உறையும் இறையாற்றலை மந்திரத்தாலும் பாவனையாலும் நீர் நிறைந்த கும்பத்துக்கு ஈர்த்துக்கொள்ளும் சடங்கு கலாகர்ஷணம் ஆகும். ஈர்க்கப்பட்ட ஆற்றல் பாலாலயம் எனும் தற்காலிகக் கோயிலில் மரப்பலகையிலோ வேறு சிற்றுருவிலோ நிலைநிறுத்தப்பட்டு வழிபடப்படுகிறது. திருப்பணி முடிந்தபின் கும்பாபிஷேகத்தால் மீண்டும் மூலத்தில் சேர்க்கப்படுகிறது. இறைவன் எங்கும் நிறைந்தவன் என்று கொள்ளும் சைவ சித்தாந்தத்திடம், அவனை ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்குக் கொண்டுசெல்வது எப்படி என்று கேட்டால், பெயர்க்கப்படுவது இறைவனின் இருப்பன்று, அன்பருக்காக அவன் ஓரிடத்தில் கொண்ட விளக்கமே என்று அம்மரபு விடை கூறும். தோட்டக் கோயிலிலிருந்து அம்மன் நகரத்து மனைக்கு வந்தது இந்த நெறியை ஒட்டியே நிகழ்ந்தது. குருக்கள் அழைக்கப்பட்டார், கும்பம் நிறுத்தப்பட்டது, குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ஆகமக் கோயிலிலும் ஒலிக்கும் இடத்துக்கும் உள்ள பிணைப்பு தற்செயலானதன்று. கொடியேற்றத்தின்போது முரசறைந்து தேவர்களை அழைக்கும் பேரிதாடனம் என்ற சடங்கு உண்டு. கோயிலின் எட்டுத் திசைக்கும் நடுவுக்கும் உரிய தெய்வங்களை வழிபடும் நவசந்தியில், ஒவ்வொரு சந்திக்கும் தனிப் பண்ணும் தனித் தாளமும் தனி ஆடலும் விதிக்கப்பட்டிருந்தன. கிழக்கில் இந்திரனுக்குக் காந்தாரப் பண் என்பது அவற்றுள் ஒன்று. திசை மாறினால் பண்ணும் மாற வேண்டும் என்ற இந்த விதி, ஒலியைக் கேட்போரின் இன்பத்துக்கான அலங்காரமாகக் கருதாமல், இடத்தின் ஓர் உறுப்பாகவே கருதுகிறது. திருவாரூர்க் கோயிலுக்கு ஐந்து முகமுடைய பஞ்சமுக வாத்தியமும் பாரி நாயனமும் உரியனவாயிருப்பதும் இத்தகைய பிணைப்பே. இவ்வளவு நுட்பமாக ஒலியை இடத்தோடு கட்டிய மரபு, இடம் பெயரும்போது ஒலியை அவிழ்த்துக் கொண்டுபோகும் சடங்கொன்றைப் பெயர் சொல்லி வகுக்காதது வியப்பை அளிக்கிறது. மேளக்காரர் கோயிலோடு இருப்பார், ஊர் கோயிலைச் சுற்றி இருக்கும், ஊரே கலையும் நாள் வராது என்று அந்நூல்கள் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். தோட்டம் என்ற அமைப்பு அவற்றை எழுதியோர் கனவிலும் இல்லை.

தோட்டக் கோயிலின் நிலை இன்னும் சிக்கலானது. அது தொடக்கத்தில் ஆகமக் கோயிலாக இல்லை. பூசாரியின் கோயிலாக இருந்தது. ஆகமக் கோயிலில் தெய்வம் முன்னரே எழுந்தருளியிருக்க, இசை அதற்குச் செய்யும் பதினாறு உபசாரங்களோடு சேர்ந்த ஓர் உபசாரமாக அமைகிறது. மாரியம்மன், மதுரை வீரன், முனியாண்டி வழிபாட்டிலோ உடுக்கையும் உறுமியும் அடித்து வருணித்துப் பாடும்போதுதான் தெய்வம் ஓர் அன்பர்மேல் அருளாக இறங்குகிறது. சாமியாடி வாய்மொழி சொல்கிறார். அங்கே ஒலி வருகைக்குக் காரணமாகவே கொள்ளப்படுகிறது. அப்படியானால் கும்பத்தில் ஈர்த்துக் கொண்டுவரப்பட்டது ஆகம நெறிப்படி முழுமையாகக் கொண்டுவரப்பட்டதாயினும், அதே தெய்வத்தின் பழைய வழிபாட்டு நெறிப்படி, மேளம் வராதவரை அழைப்பு வரவில்லை என்றே பொருள்படும். இடமாற்றத்தை அதிகாரிகளும் நிர்வாகமும் முடிந்துபோன செயலாகக் கருத, முதியோர் சிலர் முடியாத செயலாகக் கருதுவதற்கு இந்த இரு நெறிகளின் வேறுபாடே காரணம். அதை வெறும் ஏக்கம் என்று தள்ளிவிடுவது அவர்களின் இறையியலை அறியாமையாகும்.

ஒலியின் இயல்பு பற்றி இந்திய மெய்யியல் நெடுங்காலம் வாதிட்டிருக்கிறது. ஒலி ஆகாயத்தின் குணம், எழுந்து உடனே அழிவது என்று வைசேடிகர் கூறினர். மொழியொலி என்றும் உள்ளது, உச்சரிப்பு அதை வெளிப்படுத்துகிறதே தவிர உண்டாக்குவதில்லை என்று மீமாம்சகர் மறுத்தனர். அவர்கள் நோக்கம் வேதச் சொல்லின் நிலைபேற்றை நிறுவுவது. சைவ சித்தாந்தம் சுத்தமாயையிலிருந்து நாதம் தோன்றுவதாகக் கொண்டு, வாக்கைச் சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என நான்காகப் பகுத்தது. காதால் கேட்பது கடைசியான வைகரி மட்டுமே. இவற்றுள் எதை ஏற்றாலும் திடலின் இழப்பு விளங்குவதில்லை. வைசேடிகர் சொல்வது சரியென்றால் இசை ஒவ்வொரு நாளும் அழிந்துகொண்டுதான் இருந்தது, திடல் மூடியதால் புதிதாக அழிந்தது ஒன்றுமில்லை. மீமாம்சகர் கொள்கையை இசைக்கும் நீட்டினால் அது அழியவே இல்லை. சித்தாந்தப்படி மறைந்தது மிகப் பருமையான படிநிலை மட்டுமே. பெரிய தத்துவங்கள் சிறிய துயரங்களை இப்படிக் கடந்துபோவது அடிக்கடி நிகழ்வதுதான்.

இதற்கு மாறாக, இசைக்கருவி உடைவதை எடுத்துக்காட்டாகக் கொண்ட இரண்டு பழைய வாதங்கள் இவ்வினாவுக்கு நெருங்கி வருகின்றன. பாலி மொழிப் பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தில் புத்தர் கூறும் உவமை ஒன்று உண்டு. வீணையொலியை முன்பு கேட்டிராத அரசன் ஒருவன் அதைக் கேட்டு மயங்கி, அந்த ஒலியைக் கொண்டுவரச் சொல்கிறான். வீணையைக் கொண்டுவந்தால், வீணை வேண்டாம், ஒலியே வேண்டும் என்கிறான். கருவியைச் சிதறச் சிதறப் பிளந்து, எரித்து, சாம்பலைக் காற்றில் தூற்றியும் ஒலி அகப்படவில்லை. மற்றொன்று பிளேட்டோவின் பைடோ என்ற உரையாடலில் சிம்மியாஸ் எழுப்பும் ஐயம்: உயிர் என்பது யாழின் சுருதியொப்பு போன்றதென்றால், யாழ் உடைந்ததும் அது மறைந்துவிடாதா? சுருதியொப்பு தன் நரம்புகளைப் பின்பற்றுவதே அன்றி அவற்றை ஆள்வதில்லை, உயிரோ உடலை ஆள்கிறது, ஆகவே உவமை பொருந்தாது என்பது சாக்ரடீசு தந்த விடைகளுள் ஒன்று.

புத்தரின் உவமையில் ஒரு நுட்பம் எளிதில் கவனத்துக்கு வராமல் போகிறது. வீணையொலி எவற்றால் எழுகிறது என்று அரசனுக்கு விளக்கும்போது, தோல், தண்டு, நரம்பு, மீட்டுகோல் ஆகியவற்றோடு மனிதனின் தகுந்த முயற்சியும் ஓர் உறுப்பாக எண்ணப்படுகிறது. மரத்தைப் பிளந்தவன் அந்த உறுப்பைப் பிளந்து பார்க்கவில்லை. அது அவன் கைக்கு எட்டவில்லை. திடலின் இழப்பைக் கட்டடத்தில் தேடுவோரும், ஒலிப்பதிவில் தேடுவோரும் அவ்வரசனைப் போன்றவர்களே. தேடவேண்டிய உறுப்பு மனித முயற்சி. அம்முயற்சியும் தனியொருவரின் திறமை அன்று, இன்ன நாளில் இன்னார் செய்ய வேண்டும் என்று பலரிடையே பகிர்ந்து கட்டப்பட்ட முறை. அந்த முறையே திடலுக்கு உயிர் என்பதும், திடல் மூடப்பட்டபோது போனது அதுவே என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

தமிழ்ச் சமய வரலாறு இத்துணிபுக்குச் சான்று தருகிறது. திருவிடைவாய் என்ற தலத்துக்குரிய சம்பந்தர் பதிகம் ஏட்டுச் சுவடிகளில் கிடைக்காமல், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கோயிலின் கல்வெட்டிலிருந்து கண்டெடுக்கப்பட்டது; இடம் பாட்டைக் காப்பாற்றியது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. ஆயினும் கல் காத்தது சொல்லை. தேவார ஏடுகள் தில்லையில் செல்லரித்த நிலையில் மீட்கப்பட்டதைக் கூறும் திருமுறைகண்ட புராணம், பண் முறையை அறிய ஏடு போதாமல், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணை நாடவேண்டியிருந்தது என்று சொல்கிறது. சொல் சுவரிலும் ஓலையிலும் தங்கியது. பண் ஒரு குடியில்தான் தங்கியது.

குடியில் தங்கும் ஒன்றைக் காப்பது எப்படி என்பதை முதலாம் இராசராசன் அறிந்திருந்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாடுவதற்குப் பிடாரர் 48 பேரையும், உடன் உடுக்கை வாசிக்க ஒருவரையும் கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் அவன் நியமித்து, ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் விதித்ததைக் கல்வெட்டு தெரிவிக்கிறது. அவர்களுள் இறந்தவர்க்கும் வேற்றுநாடு போனவர்க்கும் பதிலாக அடுத்த உறவினர் அப்பணியைச் செய்து நெல்லைப் பெற வேண்டும், தகுதியில்லையேல் தகுதியுள்ள பிறரைத் தேர்ந்து அமர்த்த வேண்டும் என்பதும் அதிலுண்டு. கருங்கல் கோயிலைக் கட்டியவன், அக்கல் மட்டும் போதும் என்று நம்பவில்லை. வேற்றுநாடு போவோரின் இடத்தை யார் நிரப்புவது என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்த மொழியினர், தாமே வேற்றுநாடு போனபோது அப்படியொரு வரியை எழுதிக்கொள்ளாமல் விட்டனர்.

இடம் திறந்திருக்க முறை மட்டும் மறைந்த நிலையும் வரலாற்றில் உண்டு. 1947ஆம் ஆண்டின் சென்னை மாகாணத் தேவதாசி ஒழிப்புச் சட்டம் கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது. அது செய்யப்படவேண்டிய சீர்திருத்தம் என்பதில் இன்று ஐயத்துக்கு இடமில்லை; ஆனால் அதன்பின் நிருத்த மண்டபங்கள் தூண்களோடும் சிற்பங்களோடும் அப்படியே நின்றும் அங்கே நிகழ்ந்துவந்த வழிபாட்டு ஆடல் நின்றுவிட்டது. மண்டபம் இருப்பதால் முறை இருக்கும் என்று எவரும் சொல்ல முடியாது.

எதிர்த்திசைச் சான்றை இலண்டன் தருகிறது. 1895இல் குயின்ஸ் ஹால் என்ற அரங்கில் தொடங்கிய புரோம்ஸ் இசைவிழா, 1941 மே 10 இரவு செருமானியக் குண்டுவீச்சில் அவ்வரங்கம் எரிந்தபின், அதே ஆண்டிலேயே ராயல் ஆல்பர்ட் ஹாலுக்குப் பெயர்ந்து இன்றுவரை நடைபெறுகிறது. இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்ட, அவ்விழாவை வளர்த்த ஹென்றி வுட்டின் மார்பளவுச் சிலை ஒவ்வோர் ஆண்டும் விழாக்காலத்தில் புதிய அரங்கில் கொண்டுவந்து நிறுத்தப்படுகிறது. சமயச் சார்பற்ற ஒரு கூட்டத்தார், கலாகர்ஷணம் என்ற பெயரையே கேள்விப்படாமல், அதற்கு மிக நெருங்கிய ஒன்றைச் செய்திருக்கிறார்கள். சிலையை மட்டும் கொண்டுசென்று கச்சேரியை விட்டிருந்தால் அது அருங்காட்சியகப் பொருளாகியிருக்கும். பருவம், நிகழ்ச்சி நிரல், நின்றுகொண்டே கேட்கும் மலிவுக் கட்டண ரசிகர் கூட்டம் ஆகிய முறைகள் அனைத்தும் உடன் சென்றதால் சிலைக்குப் பொருள் உண்டாயிற்று.

தொலைதூரம் போகாமலே, கோத்தா திங்கியின் பழைய வரலாற்றிலேயே இதற்கு இணையான செய்தி இருக்கிறது. இவ்வாற்றங்கரை பழைய ஜொகூர் சுல்தானகத்தின் தலைநகரங்கள் நின்ற இடம்; 1699இல் கொல்லப்பட்ட சுல்தான் மஹ்முத்தின் அடக்கத்தலம் நகரையடுத்த கம்போங் மாக்காமில் உள்ளது. மலாய் அரச மரபில் நொபாட் என்பது அரசனுக்கே உரிய மேளம். முரசு, கெண்டாங் என்ற மேளம், செருனாய் என்ற ஊதுகுழல், நாஃபிரி என்ற நீண்ட வெள்ளி எக்காளம் ஆகியவை கொண்டது. நொபாட் முழங்கி முடிசூடிய பிறகே ஒருவர் முழு அரசராகக் கொள்ளப்பட்டார். அதை வாசிப்போர் வழிவழியாக அவ்வுரிமை உடையோர், பேராக்கில் அவர்களுக்கு ஓராங் காலுர் என்று பெயர். 1699க்குப் பின் அரசகுடி மாறி, 18ஆம் நூற்றாண்டில் தலைநகரும் ரியாவுக்குப் பெயர்ந்தது. திரெங்கானு அரசின் இன்றைய நொபாட் ஜொகூர்–ரியாவ்–லிங்கா மரபுவழி வந்ததாகக் கருதப்படுகிறது. இன்றைய ஜொகூர் அரசகுடிக்கோ தனி நொபாட் இல்லை. மேளம் அரண்மனையோடு ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை, ஆற்றங்கரையோடும் நிற்கவில்லை. தன்னை வாசிக்கும் உரிமையுடையோர் வழியே தொடர்ந்தது. தோட்டத் தமிழர்கள் இவ்வரலாற்றை அறிந்திருக்க வாய்ப்புக் குறைவு என்றாலும், அவர்கள் வெட்டிய பால்மரங்கள் நின்றது, மேளம் பெயர்ந்து வாழ்வது எப்படி என்பதை ஒருமுறை காட்டிய நிலத்தில்தான்.

முறையைப் போற்றும் இவ்வாதத்துக்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. தோட்டத் திடலின் முறை சாதியையும் உள்ளடக்கியிருந்தது. தப்பு யார் அடிப்பது, எங்கே நின்று அடிப்பது, கோயிலுக்குள் எதுவரை வருவது என்பவை கப்பலேறி வந்த வரையறைகள். மூடப்பட்ட திடலுக்காக வருந்துவோர் எல்லாரும் அத்திடலின் ஒரே பக்கத்தில் நின்றவர்கள் அல்லர். இந்நிலையில் சேக்கிழார் பெரியபுராணத்தில் கூறும் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வரலாறு ஊன்றி நோக்கத்தக்கது. பாணர் குலத்தவரான அவர் மதுரையில் கோயிலுக்கு வெளியே நின்று யாழ் வாசிக்க, இறைவன் அடியார் கனவில் தோன்றி அவரை உள்ளே அழைத்துவரப் பணித்ததாகவும், ஈரத்தரையின் குளிர்ச்சி பட்டால் யாழ் நரம்பு தளரும் என்று அவருக்குப் பொற்பலகை இடச் செய்ததாகவும், திருவாரூரில் அவர் புகுவதற்கு வடதிசையில் வேறு வாயில் வகுத்ததாகவும் அவ்வரலாறு கூறும். தனி வாயில் என்பது மதிப்பா, விலக்கா என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். எனினும் பொற்பலகையில் ஐயம் இல்லை. கருவி கெடாமல் வாசிப்பவர் அமர ஓர் இடத்தை ஆணையிட்டு அமைத்தது தெய்வமே என்று சைவத்தின் தலையாய வரலாற்று நூல் பதிவு செய்கிறது. ஈரத்தில் நரம்பு தளர்வதும் தோல் தளர்வதும் ஒன்றே. தப்புக்காரரின் தீக்கும் அத்தகைய ஆணை பொருந்தும்.

நகரத்து மனைக்குப் பெயர்ந்த கோயில்களில் இன்று பூசை வேளையில் ஒலிப்பது பெரும்பாலும் மின் மேளம். ஒரு மோட்டார், இரண்டு மணி, ஒரு முரசு, ஒரு சேகண்டி கொண்ட அப்பொறியைச் சுவரிலுள்ள பொத்தான் இயக்குகிறது. அது காலந்தவறாமல், சம்பளம் கேட்காமல், சரியான சத்தத்தோடு அடிக்கிறது. ஆள் கிடைக்காத கோயிலில் அதை வைப்பதைப் பழிக்க முடியாது. ஆனால் உபசாரம் என்பது ஒருவர் செய்வது. செய்பவர் இல்லாத உபசாரத்தில் தெய்வத்துக்குக் குறை நேருமா என்பது ஆகம வல்லுநர் தீர்க்கவேண்டிய வினா. செய்யும் உரிமையுடைய மனிதருக்குக் குறை நேர்ந்துவிட்டது என்பது வெளிப்படை. இதற்கிடையே மலேசியத் தமிழ் இளைஞர்கள் ஊர்தோறும் உறுமி மேளக் குழுக்களை நடத்திவருகிறார்கள்; தைப்பூசக் காவடிகளின் முன்னே அவர்கள் அடிப்பதைக் கேட்காதவர் அந்நாட்டில் குறைவு. அவர்களுள் தப்படித்த குடியினர் அல்லாதாரும் உளர் என்பது பழைய வரையறை தளர்ந்ததற்கு அடையாளம். திரைப்பாடல் மெட்டில் அடிக்கிறார்கள் என்றும் ஒழுங்கு இல்லை என்றும் அவர்கள்மேல் குறை கூறப்படுகிறது. அக்குறையில் உண்மை இருக்கலாம். ஆனால் எந்தக் கோயிலுக்கும் உரியவராக்கப்படாமல், வாடகைக்கு அழைக்கப்பட்டு அனுப்பப்படும் மேளத்திடம், ஒரு கோயிலோடு பிறந்து வளர்ந்த மேளத்தின் ஒழுங்கை எதிர்பார்ப்பது நியாயமன்று.

ஆகவே தோட்டக் கோயிலின் இடமாற்றம், கலாகர்ஷணம் செய்து கும்பம் எடுத்ததோடு நிறைவு பெற்றுவிட்டதாகக் கொள்ள முடியாது. உபயகாரர் பட்டியலும் மேளக்காரர் இடமும் உடன் வராதவரை அது பாதி நிறைவேறிய செயலே. ஜொகூரில் இன்னும் தோட்ட நிலத்தில் நிற்கும் கோயில்கள் பல உள்ளன. நில உரிமையாளரோடும் மாநில அரசோடும் பேச அமரும் ஆலய நிர்வாகத்தினர், கருவறைக்கும் மண்டபத்துக்கும் அளவு கேட்பதோடு நிறுத்தாமல், மேளம் நிற்கவும் தோல் காய்ச்சவும் கூட்டம் சுற்றி நிற்கவும் போதிய திடலை வரைபடத்தில் காட்டிக் கேட்க வேண்டும். லயம் கலைந்து போன குடும்பங்களைத் தேடி எந்த நாள் எவருடைய உபயம் என்பதை ஆவணமாக எழுதிவைக்க வேண்டும். உள்ளூர் உறுமிக் குழு ஒன்றை, சாதி பாராமல், ஆண்டு மானியத்தோடு கோயிலுக்கு உரியதாக நியமிக்க வேண்டும். இம்மூன்றும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட பின்னரே அதில் கையொப்பம் இடுமாறு அவர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.